செவ்வாய்க்கிழமை ரவிக்கு போன்

"செவ்வாய்க்கிழமை ரவிக்கு போன் பண்ணணும், கொட்டேஷன் விஷயம்."

போன மாதம் பஸ்ஸில் நின்றபடியே இதைக் குறித்துவைக்கலாம் என்று போனைத் திறந்தேன். திறந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. காலண்டரில் போடுவதா? கிழமை தெரியும், மணி தெரியாது. அது மணி கேட்கும். செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலில் போட்டால் ஏற்கெனவே அங்கே தூங்கும் நாற்பது வேலைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ரவியின் நம்பர் இருக்கும் பக்கத்திலேயே குறிப்பாக எழுதலாம்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை வந்தால் அந்தப் பக்கத்தை நான் எதற்காகத் திறக்கப்போகிறேன்? கடைசியில் வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொண்டேன். செவ்வாய் போய் வியாழனும் வந்தது. ரவியே கூப்பிட்டுவிட்டார்.

ஒரே ஒரு வரிதான், ஆனால் அதை வைக்க நான்கு பெட்டிகள். இந்த நான்கு பெட்டிகளும் யார் போட்ட கணக்கு என்று தேடப்போய் ஒரு மாதமாக என் ராத்திரிகள் பழைய மென்பொருள்களோடு கழிந்தன. இந்த வகை மென்பொருளுக்குப் பெர்சனல் இன்ஃபர்மேஷன் மேனேஜர் என்று பெயர், சுருக்கமாக பிம். 'தனிநபர் தகவல் மேலாளர்' என்று தமிழில் எழுதிப் பார்த்தேன். கூட்டுறவு வங்கியில் மூன்றாவது மேஜையில் உட்கார்ந்து டீ குடிப்பவர் மாதிரி இருந்தது. பிம் என்றே வைத்துக்கொள்வோம்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் இது காகித வியாபாரம். 1947இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலன்டவுன் ஊர் வக்கீல் ஒருவர், தன் நேரத்தைக் கட்சிக்காரர் வாரியாகக் கணக்கு வைக்க ஒரு டைரியை வடிவமைத்தார். அதுவே டே-டைமர் என்ற பெரிய வியாபாரமாக வளர்ந்தது. 1980களின் லண்டனில் தோல் உறை போட்ட, வளையம் வைத்த ஃபைலோஃபாக்ஸ் கையில் இல்லாதவர் பெரிய வேலையில் இருப்பவராகவே மதிக்கப்படவில்லை. தேதிக்கு ஒரு பக்கம், விலாசத்துக்கு ஒரு பகுதி, வேலைகளுக்கு ஒரு தாள், கடைசியில் கிறுக்குவதற்குக் கொஞ்சம் வெற்றுத் தாள். நம் நான்கு பெட்டிகள் அப்போதே தயார்.

கம்ப்யூட்டருக்குள் அவற்றைப் பெரிய அளவில் கொண்டுவந்தது சைட்கிக். 1984இல் போர்லாண்ட் கம்பெனி வெளியிட்டது. அதன் தலைவர் ஃபிலிப் கான் பிரான்ஸ்காரர், கணிதம் படித்தவர், சுற்றுலா விசாவில் கலிஃபோர்னியாவுக்கு வந்தவர். எழுதிய புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றித்தரும் கம்பைலரை மற்றவர்கள் பல நூறு டாலருக்கு விற்றுக்கொண்டிருக்க, அதை 1983இல் டர்போ பாஸ்கல் என்ற பெயரில் 49.95 டாலருக்கு விற்று எல்லோர் வயிற்றெரிச்சலையும் வாங்கிக்கொண்டவர். சைட்கிக்கும் அதே சின்னக் கம்பெனியின் குறும்புதான்.

அது என்ன குறும்பு என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான அந்தக் காலத்து டாஸ் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமைத்தான் ஓட்டும். நீங்கள் லோட்டஸ் 1-2-3இல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போன் அடிக்கிறது, எதிரில் இருப்பவர் ஒரு நம்பர் சொல்கிறார். அதை எழுத வேண்டுமானால் கணக்கைச் சேமித்து, 1-2-3ஐ விட்டு வெளியே வந்து, ஃப்ளாப்பியை மாற்றி, எடிட்டரைத் திறக்க வேண்டும். அதற்குள் போனில் இருப்பவருக்கு வயதாகிவிடும். அதனால் மேஜையில் துண்டுச் சீட்டு இருக்கும், எல்லோரும் அதில்தான் எழுதினார்கள். பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புள்ள கம்ப்யூட்டர் சும்மா வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கும்.

டாஸில் ஒரு சந்து இருந்தது. ஒரு புரோகிராம் 'என் வேலை முடிந்தது' என்று சொல்லிவிட்டு, தான் இருந்த நினைவக இடத்தை மட்டும் காலி செய்யாமல் விட்டுப்போகலாம். நம் ஊரில் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வார்கள். சைட்கிக் அப்படிச் சொல்லிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டது. போவதற்கு முன் இன்னொரு காரியமும் செய்தது. விசைப்பலகையில் எந்த விசையை அழுத்தினாலும் கம்ப்யூட்டர் ஓடிப்போய்ப் பார்க்கும் ஒரு முகவரி உண்டு. அந்த இடத்தில் தன் முகவரியை எழுதிவைத்தது. இனி ஒவ்வொரு விசையும் முதலில் அதன் கைக்கு வரும். சாதாரண விசையா, உள்ளே தள்ளிவிடும். கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்து அழுத்தப்பட்டதா, ஓடும் புரோகிராமை அப்படியே உறையவைத்துவிட்டு அதன் மேலேயே தன் ஜன்னலைத் திறக்கும். உள்ளே நோட்டுப் புத்தகம், கால்குலேட்டர், காலண்டர், போன் நம்பர் பட்டியல், புரோகிராமர்களுக்கு எந்த எழுத்துக்கு எந்த எண் என்று காட்டும் ஆஸ்கி அட்டவணை. திரையில் தெரியும் நம்பரை எடுத்து மோடம் வழியாக டயல்கூடச் செய்யும். நோட்டுப் புத்தகத்துக்கு வேர்ட்ஸ்டார் என்ற தட்டச்சு மென்பொருளின் விசைகளையே வைத்திருந்தார்கள். அன்று தட்டச்சு செய்தவர்கள் பெரும்பாலோரின் விரல்களுக்கு அவை பழக்கம்.

இதற்குத் தொல்லையும் உண்டு. இதே தந்திரத்தைப் பத்துப் புரோகிராம்கள் கற்றுக்கொண்டு வாசலில் நின்றால் யார் முதலில் விசையை வாங்குவது? சைட்கிக் விட்டுக்கொடுக்காத ஆள். அதைக் கடைசியாகத்தான் ஏற்றவேண்டும் என்பது விதி. 640 கேபி நினைவகத்துக்குள் எல்லோரும் அடித்துக்கொள்ளும்போது கம்ப்யூட்டர் அப்படியே கல்லாகிவிடும். ஆனாலும் ஜனங்கள் அதைக் கைவிடவில்லை. எனக்கு அதில் பிடித்த விஷயமும் இதுதான்: குறித்துக்கொள்ள ஆசை வந்த நொடிக்கும் எழுதுகிற நொடிக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. நாற்பது வருஷம் கழித்து என் போனில் அதே காரியத்துக்குக் கட்டைவிரல் ரேகை, ஒரு அப்டேட் அறிவிப்பு, நான்கு பெட்டிகளில் எது என்ற கேள்வி.

சைட்கிக் துண்டுச் சீட்டைத் திரைக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ளலாமே என்று யோசித்தவர் மிட்ச் கேப்போர்.

கேப்போரைப் பற்றி ஒரு சின்ன விலகல். 1-2-3 என்ற விரிதாளை 1983 ஜனவரியில் வெளியிட்டு லோட்டஸ் கம்பெனியைக் கட்டியவர் இவர். அதற்கு முன் ரேடியோவில் பாட்டுப் போட்டிருக்கிறார், மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானம் கற்றுக்கொடுத்திருக்கிறார். லோட்டஸ் என்ற பெயரே பத்மாசனத்திலிருந்து வந்தது. கம்பெனி பெரிதாகப் பெரிதாக அவரைச் சுற்றி மஞ்சள் தாள்களும் துண்டுக் குறிப்புகளும் குவிந்தன. விரிதாள் எண்களை அடுக்கித் தரும். இந்தக் குப்பையை யார் அடுக்குவது?

செயற்கை அறிவுத் துறையிலிருந்து வந்த ஜெர்ரி கப்லான், எட் பெலோவ் ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கியது லோட்டஸ் அஜெண்டா. 1986இலேயே கேப்போர் லோட்டஸை விட்டுப் போய்விட்டார். மென்பொருள் கடைக்கு வந்தது 1988இல். கப்லான் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒரு காட்சி வரும். 1987இல் பாஸ்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கேப்போரின் சொந்த ஜெட்டில் இருவரும் பறக்கிறார்கள். கேப்போர் பாக்கெட்டிலிருந்து ஒவ்வொரு துண்டுச் சீட்டாக எடுத்து, கனமான காம்பேக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கிறார். சொந்த விமானம் வைத்திருப்பவருக்கும் அதே குமாஸ்தா வேலைதான். எழுதும்போதே கம்ப்யூட்டருக்குள் போய்விட்டால் என்ன என்று அந்தப் பயணத்தில் பேசியதிலிருந்துதான் பேனாவால் எழுதும் கம்ப்யூட்டருக்கான கோ என்ற கம்பெனியைக் கப்லான் தொடங்கினார். அது நீண்டு ஓடவில்லை. 1994இல் டெலிபோன் கம்பெனியான ஏடி அண்ட் டி கைக்குப் போனது.

அஜெண்டாவுக்கு வருகிறேன். அதில் பெட்டி கிடையாது. திறந்ததும் ஒரு வெற்று இடம். மனதில் தோன்றியதைத் தோன்றியபடியே ஒரு வரியாகத் தட்டலாம். அந்த வரிக்குப் பெயர் உருப்படி. 'செவ்வாய்க்கிழமை ரவிக்கு போன், கொட்டேஷன் விஷயம்' என்பது ஒரு உருப்படி. நீங்கள் எண்டர் தட்டியதும் அது அந்த வரியைப் படிக்கும். 'ரவி' என்று ஒரு வகை ஏற்கெனவே இருந்தால் அதில் சேர்க்கும். 'செவ்வாய்' என்பதை நாள் என்று புரிந்துகொண்டு எந்தத் தேதி என்று கணக்குப்போட்டு எழுதிக்கொள்ளும். 'போன்' என்று ஒரு வகை வைத்திருந்தால் அதிலும் சேர்க்கும். ஒரே உருப்படி எத்தனை வகையில் வேண்டுமானாலும் இருக்கலாம். வகைகளுக்குள் தாய், பிள்ளை உறவும் உண்டு: 'சப்ளையர்' என்பதன் கீழ் ரவி இருந்தால், ரவி பெயர் வரும் ஒவ்வொரு வரியும் சப்ளையர் கணக்கிலும் தானாகவே சேர்ந்துவிடும். இந்த வகையில் விழுந்தால் அந்த வகையிலும் போடு என்று விதியும் எழுதிவைக்கலாம்.

பிறகு பார்வை. நாள்வாரியாகப் பார்த்தால் அது காலண்டர். ஆள்வாரியாகப் பார்த்தால் ரவியோடு எனக்கு உள்ள பாக்கி எல்லாம் ஓரிடத்தில். போன் என்று பார்த்தால் இன்று கூப்பிடவேண்டியவர்கள். ஒரு பார்வையில் திருத்தினால் எல்லாவற்றிலும் திருந்தும், ஏனென்றால் அடியில் இருப்பது ஒரே வரிதான். காலண்டர், வேலைப் பட்டியல், முகவரிப் புத்தகம் எல்லாம் ஒரே குவியலைப் பார்க்கும் வேறுவேறு ஜன்னல்கள் ஆகிவிடுகின்றன. பஸ்ஸில் என் கையை நிறுத்திய கேள்விக்கு 1988இலேயே பதில் இருந்திருக்கிறது: எங்கே வைப்பது என்று இப்போது முடிவு செய்யாதே, எழுது, தேடும்போது பார்த்துக்கொள்ளலாம். 1990 ஜூலையில் கம்ப்யூட்டர் துறையினரின் சங்கமான ஏசிஎம்மின் மாத இதழில் அதை உருவாக்கியவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அஜெண்டா ஒரு பர்சனல் இன்ஃபர்மேஷன் மேனேஜர் என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார்கள்.

இவ்வளவு நல்ல பொருள் ஏன் போணியாகவில்லை? விலை 395 டாலர் என்பது ஒரு காரணம். 1-2-3 அதைவிட அதிகம், 495. ஆனால் அது எதற்கு என்று கணக்குப்பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். அஜெண்டாவை விளக்க நான் மேலே எத்தனை வரி எடுத்துக்கொண்டேன் என்று பாருங்கள். பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஃபாலோஸ் மாதிரி சில பேர் அதன் மேல் பக்தியே வைத்திருந்தார்கள். பக்தர்கள் இருந்தார்கள், கூட்டம் வரவில்லை. 1990இல் விண்டோஸ் 3.0 வந்து டாஸ் திரையைப் பழசாக்கிவிட்டது. அஜெண்டாவுக்கு விண்டோஸ் பதிப்பு வரவே இல்லை.

இன்னொரு காரணமும் எனக்குப் படுகிறது. அஜெண்டா கேட்ட உழைப்பு வேறு மாதிரியானது. எழுதும்போது யோசிக்க வேண்டாம், சரி. ஆனால் வகைகளை யார் கட்டுவது? ஒரு மாதம் அதனோடு குடித்தனம் நடத்திப் பார்த்தேன். இரண்டாவது வாரத்தில் எழுபது வகைகள் ஆகிவிட்டன. மூன்றாவது வாரத்தில் வகைகளைச் சீர்படுத்துவதே ஒரு உருப்படியாக என் பட்டியலில் ஏறியது. வீட்டு அலமாரியை அடுக்குவதில் சுகம் காண்கிறவர்களுக்கு இது சொர்க்கம். என்னைப் போல அலமாரிக் கதவை இடுப்பால் தள்ளிச் சாத்துகிறவர்களுக்கு இல்லை.

வேடிக்கை என்னவென்றால் லோட்டஸே அடுத்து விற்றது லோட்டஸ் ஆர்கனைசரை. இங்கிலாந்தில் த்ரெட்ஸ் என்ற சின்னக் கம்பெனி உருவாக்கியது. 1992இல் லோட்டஸ் பெயரில் வந்தது. திரையில் அசல் தோல் டைரி, நடுவில் வளையம், ஓரத்தில் வண்ணத் தாவல்கள். சொடுக்கினால் பக்கம் புரளும். வேண்டாத குறிப்பை இழுத்துக் குப்பைக்கூடையில் போட்டால் தீப்பிடித்து எரியும். கண்ணால் பார்த்ததும் யாருக்கும் புரிந்துவிடும், ஏனென்றால் அதே டைரி கைப்பையிலும் இருந்தது. எந்த மூலையிலிருந்தும் எதையும் பார்க்கலாம் என்ற இடத்திலிருந்து மறுபடி நான்கு பெட்டிக்கு வந்தாயிற்று. எனக்கு அந்தத் தீ பிடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கடன்காரன் நம்பரை எரித்துப் பாருங்கள், தெரியும்.

நடுவில் ஒருவர் சமரசம் செய்தார். அரபெஸ்க் என்ற கம்பெனி 1993இல் கொண்டுவந்த எக்கோ, விண்டோஸிலேயே ஓடியது. கிளை கிளையாகக் குறிப்பு எழுதலாம், எந்த வரிக்கும் பக்கத்தில் ஒரு தேதிப் பத்தியை ஒட்டலாம், ஒட்டிய உடனே அது காலண்டரிலும் தெரியும். அஜெண்டாவின் மூளை, ஆர்கனைசரின் முகம் என்று சொல்லலாம். 1994இல் நெட்மேனேஜ் என்ற கம்பெனி அதை வாங்கியது. 1997இல் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 97 பெட்டிக்குள்ளேயே அவுட்லுக்கும் வந்தது. அதே வருஷம் எக்கோவின் வளர்ச்சி நின்றுபோனது. சாப்பாட்டோடு பாயசம் வைக்கும் ஓட்டல் வாசலில் பாயசக் கடை போட்டவன் கதைதான். அவுட்லுக்கில் அஞ்சல், காலண்டர், தொடர்புகள், வேலைகள், குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். உலகத்து அலுவலகங்கள் இந்தப் பிரிவினையை இயற்கை விதியாகவே எடுத்துக்கொண்டன.

சட்டைப்பைக்குள்ளும் அதே கதை. 90களில் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் எனக்கு ஒரு டிஜிட்டல் டைரி கொடுத்தார். பிராண்டு பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. பழைய பேட்டரியை ஒவ்வொன்றாகத்தான் மாற்றவேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததைப் படிக்காமல் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினேன். நூற்றுச் சொச்சம் நம்பர்கள் போயின. இரண்டு நாள் ஊரெல்லாம் அலைந்து நம்பர் கேட்டேன். அப்பா தன் சட்டைப்பை டைரியை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

இந்த நோய்க்கு மருந்து கண்டவர் ஜெஃப் ஹாக்கின்ஸ். பாம் பைலட் என்ற சட்டைப்பைக் கம்ப்யூட்டரை உருவாக்குவதற்கு முன் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது கூட்டத்துக்கு நேரம் கேட்டால் கட்டையை எடுத்து அதில் எழுதுவது போல நடித்துப் பார்ப்பார். 1996 மார்ச்சில் உண்மையான பைலட் 299 டாலருக்கு வந்தது. 128 கேபி நினைவகம், இரண்டு சின்னப் பேட்டரி. மேஜைக் கம்ப்யூட்டரோடு இணைத்த தொட்டில் மாதிரியான தாங்கியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் மேஜைக் கம்ப்யூட்டருக்கும் ஒரு பிரதி போய்விடும். பேட்டரி போனாலும் நம்பர் போகாது. பைலட் பேனா கம்பெனி வழக்குப் போட்டதால் பின்னால் அந்தப் பெயர்தான் போனது. கருவியின் அடியில் வரிசையாக நான்கு பொத்தான்கள்: தேதி, விலாசம், வேலை, குறிப்பு. அந்த நான்கும் இப்போது என் போனில் நான்கு படங்களாக இருக்கின்றன.

கேப்போர் விட்டுவிடவில்லை. அஜெண்டாவின் கனவை மறுபடி எடுத்து, 2002இல் சாண்ட்லர் என்ற திறமூலத் திட்டத்தை, அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளை, அறிவித்தார். சொந்தப் பணம் 50 லட்சம் டாலர், மேகின்டாஷை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டின் கை, எல்லாம் இருந்தது. அஞ்சல், வேலை, காலண்டர் என்று பிரிவே இல்லாமல் எல்லாம் ஒரே வகை உருப்படி என்று தொடங்கினார்கள். வருஷங்கள் போயின, எதை முதலில் கட்டுவது என்ற பேச்சு முடியவில்லை. 2008 ஜனவரியில் கேப்போரே விலகினார். அதே ஆண்டு ஆகஸ்டில் முதல் முழுப் பதிப்பு வந்தபோது அதற்காகக் காத்திருந்தவர்கள் வேறு பக்கம் போயிருந்தார்கள். பெட்டியில்லாத பெட்டியைக் கட்டுவது இரண்டாம் முறை இன்னும் கஷ்டமாக இருந்திருக்கிறது.

லோட்டஸ் பிற்பாடு அஜெண்டாவை இலவசமாகவே இறக்கிக்கொள்ள விட்டது. பழைய டாஸ் மென்பொருளை இன்றைய கணினியில் ஓட்ட டாஸ்பாக்ஸ் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஓட்டித்தான் மேலே சொன்ன அந்த ஒரு மாதக் குடித்தனம். நீலத் திரை, பொடி எழுத்து. ஆங்கிலத்தில் ரவிக்கு போன் என்று தட்டினேன், உடனே ரவி பத்தியில் பெயர் விழுந்தது. அப்புறம் ஆசை வந்தது. தமிழ் எழுத்து அதற்கு வராது, அதனால் ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டினேன்: 'ரவிக்கு போன் பண்ணணும்'. ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு 'ரவி' தெரியும், 'ரவிக்கு' யாரோ வேறு ஆள்.

ஒரு வகைக்கு மாற்றுப் பெயர்களைக் கொடுக்க அதில் ஒரு இடம் உண்டு. அங்கே போய் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ரவிக்கு. ரவியிடம். ரவிகிட்ட. ரவியோட. ரவியால. ரவியும். ரவிய. ரவியத்தான் என்று சேர்த்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தேன், என் மனைவிக்கும் அவர் உறவு. அவள் எழுதினால் 'ரவி அண்ணாவுக்கு' என்றுதான் வரும். அதையும் சேர்த்துவிட்டு மறுபடி முதல் வரியைத் தட்டினேன். எண்டர் அழுத்தியதும் பத்தியில் ரவி வந்து உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லை.